ஆறெழுத்துக்குள் ஒரு பேர்

ஃபைனல் ஃபேன்டசி என்கிற ஜப்பான் வீடியோ கேம் தொடரைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் ஏழாவது பாகத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஆறாவதில் ஆரம்பிக்கிறேன், அதிலும் ஒரு சின்னப் பெட்டியில். கதைக்குள் புதிதாக ஒரு ஆள் வந்தால் ஆட்டம் அப்படியே நிற்கும், திரை கருக்கும், அவர் யார் எவர் என்று இரண்டு மூன்று வரி ஓடும், அப்புறம் பேர் வைக்கும் பெட்டி வரும். அவர்களே ஒரு பேர் வைத்திருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு எழுத்துக்குத்தான் இடம். ஆறெழுத்து என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திருச்செந்தூர்தான் ஞாபகம் வரும், எனக்கு அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது, முருகன் மன்னிக்கட்டும்.

சண்டை முறை, இசை, கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் பற்றிப் பேசலாம், பேசத்தான் போகிறேன். ஆனால் இந்தத் தொடரின் உயிர் இருந்தது அந்தப் பெட்டியில், அதைப் பூட்டிய நாளிலிருந்துதான் தொடர் இளைக்க ஆரம்பித்தது என்பது என் கட்சி. இருபது வருடமாக நண்பர்களோடு இதற்காக மல்லுக்கு நிற்கிறேன். ஒருத்தனும் ஒத்துக்கொண்டதில்லை.

2002 கோடை லீவு. ஊர் முக்கூடல். அத்தான் திருநெல்வேலி ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தார், எங்கேயோ பேசி ஒரு செகண்ட் ஹேண்ட் பென்டியத்தை வாங்கி எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டார், அவர் வீட்டில் மாமா திட்டுவார் என்பதற்காக. ஆட்டம் மொத்தமே 3 எம்பிதான். ஆனால் ஃபிளாப்பியில் கொள்ளுவது 1.44. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கி, ஜிப் செய்து, இரண்டு ஃபிளாப்பியில் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேர பஸ்ஸில் வீட்டுக்கு வந்தால் இரண்டாவது ஃபிளாப்பி படிக்க மாட்டேன் என்றது. மறுநாள் திரும்பவும் பஸ். திருட்டு நகல்தான், பூசி மெழுகவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நினைத்தாலும் எங்கே போய் வாங்குவது?

ஓட்டிப் பார்த்தால் தலைப்பில் மூன்று என்று இருந்தது. முதல் இரண்டை விளையாடாமல் கதை புரியாதே என்று ஒரு வாரம் வருத்தப்பட்டேன். விஷயம் என்னவென்றால் ஜப்பானில் 1987-இல் தொடங்கி வரிசையாக வந்ததில் இரண்டு, மூன்று, ஐந்து எதையும் அப்போது அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. நாலாவதை இரண்டு என்றும் 1994-இல் வந்த ஆறாவதை மூன்று என்றும் பேர் போட்டு விற்றிருக்கிறார்கள். பேர் என்றதும் இன்னொன்று. தொடரின் பேரே இரண்டாவது சாய்ஸ்தான். இதை உண்டாக்கிய சகாகுச்சிக்கு எஃப் எஃப் என்று சுருக்கமாகக் கூப்பிட வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஃபைட்டிங் ஃபேன்டசி என்று யோசித்தார்கள், அந்தப் பேரை ஏற்கெனவே வேறொருவர் எடுத்திருந்தார்கள், ஃபைனல் ஆனது. கடைசி ஆட்டம் என்று நினைத்து வைத்த பேர் என்கிற உருக்கமான கதையை இனிமேல் யாரும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம்.

சரி, திண்ணைக்கு வருவோம். முக்கூடல் பீடிக்குப் பேர்போன ஊர். மத்தியானச் சோறு முடிந்ததும் எங்கள் திண்ணையில் அம்மா, சித்தி, ஆச்சி, பக்கத்து வீட்டு மதினி எல்லாரும் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம், புகையிலைத் தூள் நெடி, ரேடியோ. கம்ப்யூட்டர் இருந்தது ஜன்னலுக்கு இந்தப் பக்கம். அவர்களுக்குத் திரை தெரியாது, நான் தனியாகச் சிரிப்பதும் முனகுவதும் மட்டும் கேட்கும். ரெண்டு நாள் பார்த்துவிட்டுச் சித்தி கேட்டாள், “ஏல, உள்ள இருந்துகிட்டு யார்ட்டல பேசுத?” நான் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் ரேடியோவை அணைத்துவிட்டார்கள்.

நான் படித்தது தமிழ் மீடியம். கையில் ஒரு சின்ன டிக்‌ஷனரி, அதில் எஸ்பர் என்ற சொல்லும் இல்லை, மேஜிசைட் என்ற சொல்லும் இல்லை. புரிந்ததைச் சொல்வேன், புரியாததைச் சொந்தமாகக் கட்டுவேன். சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் ஒற்றை ஆளாக ராஜா குரலும் பேசுவார் பேய்க் குரலும் பேசுவார் இல்லையா, அந்த வேலைதான். திண்ணையிலிருந்து “ஆமா” போட நாலு பேர். செலஸ் என்று ஒரு பெண், எதிரிப் படையில் ஜெனரலாக இருந்து விலகி வந்தவள். அந்தப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை, ஆகையால் பெட்டியில் செல்வி என்று அடித்தேன், ஆங்கில எழுத்தில்தான். அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க எல்லாரும் அவளைச் செல்வி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைக் காப்பாற்றிக் கூட்டிவரும் லோக்குக்கு என் பேர். பதினாலு வயதில் வேறென்ன செய்வான்.

வில்லன் கெஃப்கா. கோமாளி வேஷம், பாலைவனத்தில் நடந்து வந்துவிட்டு என் பூட்ஸில் மணல் ஒட்டியிருக்கிறது, துடையுங்கடா என்று சிப்பாய்களை விரட்டும் ஆள். முதலில் திண்ணையில் அவனுக்குச் சிரிப்புதான். கோட்டிக்காரன் என்று பேர் வைத்தார்கள். அப்புறம் டோமா கோட்டையை முற்றுகை போடும் இடம் வருகிறது. கூட இருக்கும் நல்ல ஜெனரல் கிளம்பிப் போனதும் அவன் கோட்டைக்குப் போகும் ஆற்றில் விஷத்தைக் கலந்துவிடுகிறான். சயன் என்கிற வீரன் தன் பெண்டாட்டி பிள்ளையைத் தேடி ஓடினால் இரண்டு பேரும் செத்துக் கிடக்கிறார்கள். நான் சொல்லி முடித்ததும் கத்தரிச் சத்தம் நின்றது. “ஆத்துத் தண்ணியிலயா?” என்றாள் ஆச்சி. எங்கள் வீட்டிலிருந்து தாமிரபரணி நடக்கிற தூரம். அந்த நாளுக்கப்புறம் அவன் பேர் வந்தாலே மதினி “நாசமாப் போவான்” என்று ஒரு அர்ச்சனை போடாமல் விட்டதில்லை. எத்தனையோ ஆட்டத்தில் உலகத்தை அழிக்க வரும் அரக்கர்களைப் பார்த்தாயிற்று, ஆற்றில் விஷம் கலந்தவனை வெறுத்த மாதிரி ஒருத்தனையும் வெறுக்க முடியவில்லை. அவன் பாதிக் கதையிலேயே ஜெயித்தும் விடுகிறான். உலகம் உண்மையிலேயே நாசமாகிறது. இப்படிச் செய்ய இன்றைக்கும் ஒரு தைரியம் வேண்டும்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும். உலகம் அழிந்து ஒரு வருடம் கழித்துச் செல்வி ஒரு தீவில் கண் விழிக்கிறாள். சித் என்கிற கிழவர்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவளுக்கு தாத்தா மாதிரி. அவர் சீக்காளி. சாப்பிட ஏதாவது கொடு. கரைக்குப் போனால் தண்ணீரில் மீன்கள் ஓடுகின்றன, சில வேகமாக, சில மெதுவாக. கையால் பிடித்து வந்து கொடுக்க வேண்டும். எந்த மீன், எத்தனை, எவ்வளவு நேரத்துக்குள் என்று ஆட்டம் ஒரு வார்த்தை சொல்லாது. உள்ளே அவர் உயிருக்கு ஒரு எண் இருக்கிறது, தன்பாட்டுக்குக் குறைந்துகொண்டே வருகிறது, அது நம் கண்ணில் படாது. நான் வசமாகக் கையில் சிக்கியதைப் பிடித்தேன். மெதுவாகப் போகிறதுதானே சிக்கும். கிழவர் செத்துப்போனார். செல்வி பாறை உச்சிக்குப் போய் அங்கிருந்து குதித்துவிடுகிறாள், அவள் பிழைத்துக்கொள்கிறாள் என்றாலும் அந்த நிமிடத்தில் அது தெரியாது, நான் சொல்லிக்கொண்டே வந்தவன் குரல் கம்மி நிறுத்திவிட்டேன்.

சித்தி மூக்கை உறிஞ்சினாள். ஆச்சி மட்டும் பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எந்த மீனைல புடிச்ச?” என்றாள். மெதுவாகப் போனதை என்றேன்.

“மூதி. சீக்கு மீன்தாம்ல மெதுவாப் போவும். சீக்காளிக்கு சீக்கு மீனையா குடுப்பாவ? துள்ளுதத புடி.”

எமுலேட்டர் என்றால் டிவியில் ஆடுகிற ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம், அதில் எஃப் 2 அழுத்தினால் அந்த நொடியைச் சேமித்துவைக்கும், எஃப் 4 அழுத்தினால் அங்கே திரும்பிப் போகலாம். கரைக்கு வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று எஃப் 2 போட்டிருந்தேன். திரும்பிப் போய்த் துள்ளுகிற மீனை மட்டும் துரத்தினேன், சிக்காது, திரைக்கு வெளியே போய் வந்தால் வேறு மீன் வரும், ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கிழவர் எழுந்து உட்கார்ந்தார். தான் கட்டிய கட்டுமரத்தைக் காட்டிப் போய் வா என்றார். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத, திரையையே பார்க்காத ஒரு கிழவி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து அதை ஜெயித்தாள். சதுரம் சதுரமான புள்ளிப் படத்தில் யாரோ ஒரு ஜப்பான்காரர் மீனின் வேகத்தை மட்டும் மாற்றி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்ததால்தான் அது நடந்தது. இன்றைய ஆட்டம் என்றால் நல்ல மீனுக்கு மேலே மஞ்சள் அம்புக்குறி மினுங்கும், கூட வரும் ஆள் வேகமான மீனைப் பிடி, வேகமான மீனைப் பிடி என்று பத்து நொடிக்கு ஒருதரம் கத்துவான்.

ஷேடோ விஷயத்தில் என்னைக் காப்பாற்ற ஆச்சி இல்லை. அது தீவுக்கு முந்தின இடம். மிதக்கும் கண்டம் இடிந்து விழுகிறது, கடிகாரம் குறைந்துகொண்டே வருகிறது, பறக்கும் கப்பல் கீழே நிற்கிறது, குதிக்கவா, காத்திருக்கவா என்று ஒரு கேள்வி. நமக்காகப் பின்னால் நின்றவன் ஷேடோ, முகமூடிக்காரன், கூடவே ஒரு நாய். கடைசிச் சில நொடி வரை நின்றால் ஓடி வந்து சேர்ந்துகொள்வான். நான் குதித்துவிட்டேன். அவனுக்காக நின்றிருக்க வேண்டும் என்பதே இரண்டு வருடம் கழித்து ஜங்ஷனில் ஒரு பையன் சொல்லித்தான் தெரியும். நாய் என்ன ஆச்சு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஏழாவது. 1997, மூன்று டிஸ்க், நிறைய இடம் வேண்டும் என்று நின்டெண்டோவை விட்டுச் சோனிக்கு மாறிய பாகம். நான் விளையாடியது பிசி வடிவம், பாளையில் ஹாஸ்டலில். பாட்டெல்லாம் மிடி என்கிற கம்ப்யூட்டர் இசையில் கல்யாண வீட்டு கீபோர்டு மாதிரி ஒலிக்கும். ஏரித் என்கிற நாயகி சாகும் இடம் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அவள் செத்ததும் ஒரு சண்டை வருகிறது, சண்டைக்கான வழக்கமான பாட்டு வராமல் அவள் பாட்டே தொடர்ந்து ஓடுகிறது, நாம் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிறோம். அந்த மிடியிலும் அது வேலை செய்தது. ஆனாலும் ஏழாவதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவது கொஞ்சம் அதிகம்தான். மெட்டீரியா என்கிற மந்திர உருண்டையை மாற்றி மாட்டினால் யார் வேண்டுமானாலும் யார் வேலையும் செய்யலாம், கடைசியில் ஆள் வித்தியாசமே இல்லாமல் போய்விடும். ஆறில் எட்கருக்குக் கருவிகள், செட்ஸருக்குச் சூதாட்டம், சேபின் என்றால் பட்டன்களை வரிசையாக அழுத்திப் போடும் மல்யுத்தம், பேய் ரயிலையே தூக்கித் தலைகீழாக அடிப்பான். நியாயமாகப் பார்த்தால் ஆறிலும் பின்பாதியில் எல்லாரும் ஒரே மந்திரத்தைக் கற்றுக்கொண்டு ஒரே மாதிரிதான் ஆகிறார்கள், அதை மறைக்கவில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர்கள் நம் வீட்டு ஆட்களாகியிருப்பார்கள், அதுதான் வித்தியாசம்.

எட்டாவதை எல்லாரும் ஏசுகிறார்கள். எதிரியிடமிருந்து மந்திரத்தை உறிஞ்சி ஒவ்வொன்றிலும் நூறு சேர்ப்பது அலுப்பு, ஒத்துக்கொள்கிறேன். நம் லெவல் ஏறினால் எதிரியின் லெவலும் ஏறும், உழைத்தவனுக்குத் தண்டனை. ஆனால் நாயகன் சம்பளக்காரன், சம்பளம் உயர வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய்ப் பரீட்சை எழுத வேண்டும், ஒரு தாளுக்குப் பத்துக் கேள்வி, ஆமா இல்லை என்று பதில், முப்பது தாள். குரூப் 4 எழுதிக்கொண்டிருந்த எங்கள் அறைக்கு இதைவிடப் பொருத்தமான வீரன் கிடைப்பானா? இதற்குள் வரும் சீட்டாட்டத்துக்காகவே இன்னொருதரம் விளையாடலாம். அந்த சிடிகளைச் சிந்துபூந்துறையில் ஒரு நண்பன் வீட்டில் விட்டுவைத்திருந்தேன், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டோடு போயிற்று. ஒன்பதாவது அழகு, விவி என்கிற குட்டி மந்திரவாதியை யாரும் வெறுக்க முடியாது, சண்டை தொடங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

2001-இல் பத்தாவது வருகிறது, குரலும் வருகிறது. நல்ல ஆட்டம். யார் முறை எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து யோசிக்க வைக்கும் அந்தச் சண்டையைத்தான் தொடரிலேயே சிறந்ததாகச் சொல்வேன். ஆனால் இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மனிதர்களில் நாயகன் ஒருவனுக்கு மட்டும் நாம் பேர் வைக்கலாம், ஆனால் நாம் வைத்த பேரை நடிகர்கள் வாயால் சொல்ல முடியாதே. ஆகையால் கதை முழுக்க ஒருத்தர் கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உயிரையே கொடுக்கத் துணிந்த காதலி கூட. டீடஸ் என்பது அவன் பேர் என்பதே ஆட்டத்துக்குள் காதில் விழாது. குரல் வேண்டுமா பேர் வேண்டுமா என்று ஒரு இழுபறி, பத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள், நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. ஆன்லைன் பாகங்களை விட்டுவிட்டால் அடுத்து வந்த பன்னிரண்டிலிருந்து நாயகர்களுக்குப் பேர் வைக்கும் பெட்டியே கிடையாது.

பன்னிரண்டின் கேம்பிட் பிரமாதம், சண்டையில் யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று நாம் விதியை எழுதிவைத்துவிட்டு முறுக்கு தின்னலாம். பதின்மூன்று ஒரு நீளமான நடைபாதை, பதினோராவது அத்தியாயத்தில்தான் வெளிக்காற்று வரும். பதினைந்தில் நாலு பையன்கள் காரில் போகிறார்கள், சோறு ஆக்கிச் சாப்பிடுகிறார்கள், அது மட்டும் பிடித்தது.

பதினாறை நண்பனின் பிஎஸ் 5-ஐ இரவல் வாங்கி விளையாடினேன். 2023-இல் வந்தது. கண்ணைப் பறிக்கிறது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. அம்மா இப்போது பீடி சுற்றுவதில்லை, கண் சரியில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். “இவனுக்கு என்ன பேரு வச்சிருக்க?” என்றாள். நான் வைக்கவில்லை, கிளைவ் என்று அவர்களே வைத்துவிட்டார்கள் என்றேன். “என்ன சொல்லுதான்?” அவன் பேசிக்கொண்டிருந்தான், பின்னணியில் வாத்தியம், நான் குறுக்கே பேசினால் அடுத்த வரி போய்விடும். இரு, முடியட்டும் என்றேன். முடிந்து நான் திரும்பிப் பார்க்கும்போது அவள் எழுந்து போயிருந்தாள்.

ஆறுக்கு 2022-இல் பிக்ஸல் ரீமாஸ்டர் என்று புதுப்பித்த பதிப்பு வந்தது. இதைக் காசு கொடுத்து வாங்கினேன், பழைய பாவத்துக்குப் பரிகாரம். அதில் ஓபராக் காட்சி இருக்கிறது, மேடையில் செல்வி பாட வேண்டும், அடுத்த வரி எது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கருவியில் குரலைப் பாட வைக்க வழியில்லை, ஆகையால் குரல் மாதிரி ஒரு ஒலியை வைத்து இசையமைப்பாளர் உயேமட்சு சமாளித்திருப்பார், பாட்டு வரிகள் திரையில் மட்டும் ஓடும். எங்கள் திண்ணையில் அந்த மெட்டுக்கு நான் வாய்க்கு வந்த வரிகளைப் போட்டுப் பாடி அடி வாங்காமல் தப்பித்தேன். ரீமாஸ்டரில் ஏழு மொழியில் நிஜப் பாடகர்களை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தாலிய மொழியில் கேட்டேன், அருமையாகத்தான் இருக்கிறது. இரண்டாம் தரம் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள், ஏழாவது படிக்கிறாள். என் போனில் அதைப் போட்டுக் கொடுத்தேன். செலஸுக்குத் தன் கிளாஸ் பிள்ளை ஒருத்தி பேரை வைத்தாள், கெஃப்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், ஒரு வாரத்தில் தீவு வரைக்கும் வந்துவிட்டாள். நான் பேச்சுவாக்கில் மீன் என்று ஆரம்பித்ததும் அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள், “ஏட்டி, மெதுவாப் போறதப் புடிச்சிராத! சீக்கு மீனு!”

“தெரியும் ஆச்சி,” என்றாள் இவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “யூடியூப்ல பாத்துட்டேன்.”